காசிப் பயணமும் துணிமூட்டையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் இலக்கியச் சுவையையும் சமயப் பெருமையையும் இம்மேடையில் வாரி வழங்கினார்கள். நாமோ மெட்ரிகுலேசனோடு கல்விக்கு விடை கொடுத்து, இரயில்வேயின் சாமான் அலுவலகத்தில் தராசுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் இடையே காலத்தைக் கழித்து வருபவர். ஆதலின் நமக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே பேச விழைகின்றோம். நமக்குத் தெரிந்த பொருள் பெட்டி. கங்கைக் கரையிலே அமைந்த காசி மாநகருக்கு மாசி, பங்குனியில் புறப்படும் ஒரு குடும்பம் தன் பெட்டியில் எந்தத் துணியை எடுத்து வைக்க வேண்டும், எதனை வீட்டிலே விட்டுச் செல்ல வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

இது பேச்சுக்குரிய பொருளா என்று சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. சிறிது பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

இந்த நாகபுரியில் நமது குடியிருப்பில் மாசி மாதம் பிறந்துவிட்டால் காசிப் பேச்சும் பிறந்துவிடும். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருப்பர். இரயில்வே ஊழியருக்குப் பாஸ் உண்டு. நம்மைச் சார்ந்து வாழும் விதவைத் தாயையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். தஞ்சையிலோ நெல்லையிலோ இருந்து புறப்பட்டால் காசி நெடுந்தொலைவு. இங்கிருந்து இட்டார்சி, ஜபல்பூர், சாத்னா வழியே ஒரு நாளுக்குள் போய்ச் சேரலாம். "இவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் கொஞ்சம் போய்க் கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டால் ஜன்மம் கடைத்தேறும்" என்று அம்மா சொல்லுவார். மறு வாரமே டிக்கெட் எடுத்துவிடுகின்றோம். டிக்கெட்டுக்குக் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் துணிக்குக் காட்டுகின்றோமா என்பதே கேள்வி.

நமது குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். பெயரும் வீடும் வேண்டா. ஒரு மூதாட்டியார் காவிரிக்கரைச் சிற்றூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய துணிப்பையில் இருந்தவை மூன்று பருத்திச் சேலைகள், அவ்வளவே. இங்கே பகலில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்த காலம் அது. காசியிலும் இதே வெயில்தான் இருக்கும் என்று கருதி அப்படியே அழைத்துச் சென்றனர். முதல் நாள் விடியுமுன் ஸ்நானம். ஈரச் சேலையோடு படகிலே அரைமணி நேரம். கரையேறும்போதே உடல் நடுங்கிற்று. அன்றிரவு காய்ச்சல். பிறகு இரண்டு நாளும் தங்குமிடத்தின் கட்டிலை விட்டு அவரால் எழ முடியவில்லை. விசுவநாதரையும் விசாலாட்சியையும் காணாமலேயே திரும்பி வந்தார். அதற்கடுத்த ஐப்பசியில் அவர் காலமாகிவிட்டார். "காசிக்குப் போனேன், கட்டிலைப் பார்த்தேன்" என்று சிரித்துக்கொண்டே அவர் சொன்ன சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றது. அன்று அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு கம்பளிச் சால்வையும் ஓர் உலர்ந்த சேலையும். பெட்டி கட்டுவது சிறிய காரியம் அன்று என்று நாம் கூறுவது இதனாலேயே.

இனிக் காரணங்களைக் காண்போம். வடநாட்டார் மாசி, பங்குனியை வசந்தம் என்று கொண்டாடுகின்றனர். மாமரம் பூக்கின்றது, கடுகு வயல் மஞ்சள் விரிக்கின்றது, ஹோலிப் பண்டிகை வருகின்றது. வசந்தம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நாம் மெல்லிய ஆடைகளை எடுத்து வைக்கின்றோம். ஆனால் நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்று பெயரிட்டனர். இரவின் பிற்பகுதியிலே பனி மிகும் காலம் என்று அதற்குப் பொருள் கூறுவர். காசிக்குத் துணி எடுத்து வைப்பவர் வடமொழிப் பெயரை மறந்து இந்தத் தமிழ்ப் பெயரை நினைவிற்கொண்டால் போதும். பாதி வேலை முடிந்தது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் காசியில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். விடியற்காலையிலோ அது 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஒரே நாளில் இரண்டு பருவங்கள்! வானம் தெளிந்து, காற்று வறண்டிருப்பதால், பகலில் நிலம் பெற்ற சூட்டை இரவில் தடையின்றி இழந்துவிடுகின்றது. ஆற்று நீரோ சூடேறுவதிலும் ஆறுவதிலும் மிகவும் மெதுவானது; குளிர்காலத்தின் குளிர்ச்சி இன்னும் அதனை விட்டு நீங்கியிராது. அத்துடன், கங்கை அங்கே வடக்கு நோக்கிப் பாய்கின்றது. படித்துறைகள் யாவும் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கி அமைந்துள்ளன. எதிர்க்கரை பரந்த மணல்வெளி. ஆகவே ஆற்றின்மேல் எழும் காற்றுக்குத் தடுப்பே இல்லை. காலையில் கதிரவன் நேரே முகத்திலே காய்வான். பிற்பகலிலோ கரைமேல் நிற்கும் உயர்ந்த மாளிகைகளின் நிழல் படிகளின்மேல் விழுந்துவிடும். சந்தில் வியர்க்கும், படித்துறையில் சிலிர்க்கும். இடையிலே வடமேற்கிலிருந்து மேகம் வந்து ஓரிரு நாள் தூறிவிட்டுப் போவதும் உண்டு.

ஆகவே தடித்த ஒரே கோட்டினால் பயனில்லை; மெல்லிய ஒரே சட்டையினாலும் பயனில்லை. அடுக்கடுக்காக அணிந்து, அடுக்கடுக்காகக் கழற்றத்தக்க உடையே வேண்டும். உள்ளே பருத்திப் பனியன். அதன்மேல் முழுக்கைச் சட்டை. அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே சால்வை. ஓர் அடுக்குக்கும் மற்றோர் அடுக்குக்கும் இடையே அகப்படும் காற்றே குளிரைத் தடுக்கின்றது. துணியின் பருமன் அன்று. எட்டு மணிக்குச் சால்வை, ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தோளிலே போட்டுக்கொள்ளலாம். தாய்மார்கள் சேலைக்குள் முழுக்கை ரவிக்கையும், மேலே சால்வையும் கொள்ளலாம். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் காதை மூடும் குல்லாயும் காலுறையும் இன்றியமையாதவை. இவ்வளவு குளிர் இல்லையே என்று தோன்றும். படகிலே ஏறியபின் தோன்றாது.

இப்போது ஸ்நானத்துக்கு வருவோம். இதற்கெனத் தனியே ஒரு சிறு மூட்டை கட்டுதல் வேண்டும். ஆடவர்க்கு நாலு முழ வேட்டி ஒன்று, ஈரிழைத் துண்டு இரண்டு. தடித்த பூந்துவாலை நீரைக் குடித்துவிட்டு நாள் முழுதும் உலராது கிடக்கும். ஈரிழைத் துண்டோ பிழிந்து உதறினால் வெயிலில் விரைவில் காய்ந்துவிடும். இளைஞர் அணியும் தடித்த ஜீன்ஸ் கால்சட்டையோடு நீரில் இறங்குவது கூடாது. காய இரண்டு நாள் ஆகும். பெண்டிருக்கு அடர்ந்த நிறமுடைய பழைய சுங்குடிச் சேலை உகந்தது. நனைந்தாலும் உடல் தெரியாது, பிழிவதும் எளிது. ஒன்பது கெஜச் சேலை அணியும் முதியவர்கள் அதனோடு நீரில் இறங்கினால் பிழிந்தெடுக்கவே ஓர் ஆள் வேண்டியிருக்கும். அன்று ஒரு பொழுதேனும் ஆறு கெஜத்துக்கு அவர்கள் மனம் இசைய வேண்டும்.

ஈரத் துணி உடலில் இருக்கும்வரை அதிலுள்ள நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை நம் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காற்று வீசினால் இது இன்னும் விரைவாக நிகழும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. ஆகவே முதியவர் கரையேறியவுடன் உலர்ந்த துணியோடு ஒருவர் படியிலே நிற்க வேண்டும். நீரில் இறங்குபவர் ஒருவரானால் துணி ஏந்தி நிற்பவர் ஒருவர். இந்த முறையைக் குடும்பத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். ஈர உடையோடு படகேறுவது வேண்டா. முதலில் படகு, பிறகு ஸ்நானம், பிறகு உலர்ந்த உடை, பிறகு சூடான தேநீர் என்பதே உடலுக்கு ஏற்ற வரிசை. மேலும், இந்நாளில் ஆற்றில் நீர் குறைந்து, மழைக்காலத்தில் மூழ்கியிருந்த கீழ்ப்படிகள் வெளியே தெரியும். அவற்றில் சேறும் பாசியும் படிந்திருக்கும். தேய்ந்த செருப்பு ஆகாது. பிடிப்புள்ள ரப்பர்ச் செருப்பே தக்கது. தோல் செருப்பை வீட்டிலே விட்டுவிடுங்கள்.

துவைத்த துணியை உலர்த்தப் பத்து முழம் நைலான் கயிறும் ஒரு டஜன் கிளிப்பும் எடுத்துச் செல்லுங்கள். கிளிப்பு எதற்கு என்றால், காசியில் மாடிதோறும் குரங்குகள் உலவுகின்றன. பாதுகாப்பின்றிக் கிடக்கும் சேலை சற்று நேரத்தில் அடுத்த மாடிக்குக் குடிபெயர்ந்துவிடும்! ஈரத்தோடு ஊர் திரும்ப நேர்ந்தால் தனியே வைக்க ஒரு நீர் புகாத பையும் வேண்டும்.

கோயிலுக்கு என்ன உடை? கருவறையை அணுகி வழிபட விரும்பும் ஆடவர்க்கு வேட்டியும் பெண்டிர்க்குச் சேலையும் தக்கவை. தமிழராகிய நமக்கு இதில் ஏது சிரமம்? ஆனால் விசுவநாதர் ஆலயத்தினுள் கைப்பேசியும் கைப்பையும் கொண்டு செல்ல இயலாது. வெளியே பெட்டகத்தில் வைத்துச் செல்ல வேண்டும். பணத்தை எங்கே வைப்பது? நம் பாட்டனார் காலத்து உள்பை வைத்துத் தைத்த பனியன் இங்கேதான் உதவுகின்றது. தாய்மார்களும் இடுப்பிலே செருகும் சுருக்குப்பையைத் தூசி தட்டி எடுக்கலாம். 2021 டிசம்பரில் ஆலயத்திலிருந்து கங்கைக் கரைவரை அகன்ற வளாகம் திறக்கப்பட்ட பிறகு நடப்பது எளிதாயிற்று. எனினும் கூட்டம் குறைந்ததாக எண்ண வேண்டா. நெடுநேரம் வரிசையில் நிற்கத்தக்க பருத்தி உடையே நல்லது. கனத்த பட்டு வேண்டா.

ஹோலியை ஒட்டிப் போகின்றவர்களுக்கு ஒரு சொல். காசியில் வண்ணம் ஹோலியன்று மட்டும் பறப்பதில்லை. அதற்கு முன்னர் வரும் ரங்கபரி ஏகாதசி அன்றே தொடங்கிவிடும். அந்நாள்களில் வெளியே செல்ல, போனால் போகட்டும் என்று விடத்தக்க பழைய உடை ஒன்று தனியே இருக்க வேண்டும். புது வேட்டியோடு தெருவில் இறங்கிவிட்டு, வண்ணம் தூவிய பிள்ளைகள்மீது கோபம் கொள்வது முறையன்று.

இனி நமது அலுவல் சார்ந்த எடைக் கணக்கு. இரண்டாம் வகுப்பில் ஒருவர்க்கு 35 கிலோ, படுக்கை வகுப்பிலும் குளிர்சாதன மூன்றடுக்கிலும் 40 கிலோ, இரண்டடுக்கில் 50 கிலோ, குளிர்சாதன முதல் வகுப்பில் 70 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். 5 வயதுக்கு மேல் 12 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு இதில் பாதி. இரயில்வே இவ்வளவு தாராளமாக இருக்கின்றதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இரயில் சுமக்கும், இறங்கியபின் யார் சுமப்பது? காசியின் சந்துகள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகியவை. வண்டி கோதௌலியா வரையிலோ அதற்கு முன்னரோ நின்றுவிடும். பிறகு கல் பாவிய சந்து, மாடு, படிக்கட்டு. உருளை வைத்த பெட்டி அங்கே உருளாது, தலையில்தான் ஏறும். ஆகவே ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம் கையால் தூக்கத்தக்க சிறு பைகள் நன்று. ஆளுக்கு 7, 8 கிலோவுக்கு மிகாமல் கட்டிப் பாருங்கள். மூன்று இரவு தங்குவதற்கு அது தாராளம்.

நிலையத்தில் சாமான் காப்பறையில் வைப்பதானால் பூட்டிய பெட்டியையோ பூட்டத்தக்க பையையோதான் ஏற்பர். வெறும் துணிமூட்டையை ஏற்கமாட்டார்கள். இதனால் மனம் வருந்திய பெரியவர்கள் எத்தனையோ பேரை நாம் கண்டிருக்கின்றோம். குளிர்சாதன வகுப்பில் இரண்டு விரிப்பு, தலையணை, கம்பளி தருவார்கள். சாதாரணப் படுக்கை வகுப்பில் ஒன்றும் தரமாட்டார்கள். நள்ளிரவில் ஜபல்பூர்ப் பக்கம் சன்னலிடுக்கின் வழியே வரும் காற்றுக்குச் சால்வையும் விரிப்பும் கைக்கெட்டும் மேற்பையில் இருக்க வேண்டும். அவை அடிப்பெட்டியில் கிடந்தால், இருக்கைக்கடியில் தலையை நுழைத்து உறங்குபவரையெல்லாம் எழுப்ப நேரிடும்.

பெட்டியில் கால் பங்கு வெறுமையாக இருக்கட்டும். காசி சென்றவர் பட்டு வாங்காமல் திரும்புவது அரிது. மதன்புராவிலும் அலாய்புராவிலும் தறி ஓடுகின்றது. பனாரஸ் பட்டுச் சேலைக்கு 2009ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்கிய சேலையைச் சரிகை உள்ளே இருக்குமாறு மடித்து, பழைய மெல்லிய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஈரத் துண்டோடு சேர்த்து வைத்தால் பல ஆயிரம் ரூபாய் ஒரே இரவில் கறைபடும். அந்துருண்டையும் சரிகைமேல் படலாகாது, சரிகை கறுக்கும்.

அன்பர்களே! உடையைப் பற்றிய இப்பேச்சில் மகாகவி பாரதியாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1898 முதல் 1902 வரை அவர் காசியில் அனுமான் கட்டத்தில் அத்தை வீட்டில் வாழ்ந்து கல்வி பயின்றார். தலைப்பாகையும் மீசையும் அவருக்கு அங்கேதான் வந்து சேர்ந்தன என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எட்டயபுரத்துப் பிள்ளை கங்கைக்கரைக் கோலத்தைப் பூண்டார். தமிழ் சற்றும் குறையவில்லை, வளர்ந்தது. புதிய ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப உடையை மாற்றிக்கொள்வதனால் நம் பண்பாடு கெட்டுவிடும் என்று அஞ்சும் பெரியவர்களுக்கு இதனைச் சொல்லுங்கள். "நான் ஸ்வெட்டர் போட்டதே இல்லை, எனக்கு எதற்கு?" என்று மறுக்கும் அப்பாவிடமும் சொல்லுங்கள். அவர் மறுப்பது பெரும்பாலும் குளிரில்லை என்பதனால் அன்று; மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதனால். ஆகவே கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வாங்கிக் கையில் கொடுங்கள்.

காசியில் எதையேனும் விட்டு வர வேண்டும் என்பது நம் வழக்கம். ஒரு காயை, ஒரு கனியை விட்டவர் உண்டு. விட வேண்டியது ஆசையை என்பதே அதன் உட்பொருள். ஆனால் சிலர் முழுகிய துணியையே ஆற்றில் விட்டுவிட்டுக் கரையேறுகின்றனர். பாவத்தைக் கழித்ததாக அவர்கள் எண்ணம். அந்தத் துணி எங்கே போகின்றது? படியின் மூலையில் சேற்றோடு கிடக்கின்றது, துடுப்பிலே சுற்றுகின்றது. செயற்கை இழைத் துணியாயின் நெடுங்காலம் மக்குவதும் இல்லை. கங்கையைத் தூய்மை செய்ய அரசு 2014இல் தனித் திட்டமே தொடங்கியது. எத்திட்டம் வந்தாலும், நம் துணியை நாமே பிழிந்து எடுத்து வராவிட்டால் ஆறு தூய்மையாகாது. விட்டுத்தான் தீர வேண்டுமெனில், துவைத்து உலர்த்திய நல்ல ஆடை ஒன்றைக் குளிரில் நடுங்கும் ஓர் ஏழையின் தோளிலே விட்டு வாருங்கள். கங்கைத் தாய் அதனையே விரும்புவாள் என்பது நமது நம்பிக்கை.

இறுதியாக ஒன்று, நாம் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே. நம் வீடுகளில் பெட்டி கட்டுபவர் யார்? இல்லத்தரசியே. கணவருக்குச் சட்டை, பிள்ளைகளுக்குக் குல்லாய், மாமியாருக்கு மருந்தும் சால்வையும் என்று ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து வைத்து, வழிக்குப் புளியோதரையும் கட்டி முடித்து, வாயிலில் ஆட்டோ வந்து நிற்கும்போது தமக்கென இரண்டு சேலையைச் சுருட்டித் திணித்துக்கொண்டு அவர் ஓடி வருகின்றார். சால்வைக்கு இடமில்லை என்று விட்டுவிடுகின்றார். படகிலே அனைவரும் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்க, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஓரத்தில் அமர்ந்திருப்பவர் அவரே. இந்தக் காட்சியைக் காசிக்குச் சென்ற எந்தக் குடும்பமும் மறுக்க முடியாது. ஆகவே இவ்வாண்டு முதல் நம் குடியிருப்பில் ஒரு புது வழக்கம் தோன்றட்டும். ஆடவரும் பிள்ளைகளும் தத்தம் பையைத் தாமே கட்டட்டும். வீட்டில் முதலில் கட்டப்படும் பை இல்லத்தரசியின் பையாக இருக்கட்டும். அதில் முதலில் வைக்கப்படுவது அவருடைய சால்வையாக இருக்கட்டும்.

பிழைப்பைத் தேடி வடக்கே வந்து குடியேறிய நமக்கு, பெற்றோரைக் கங்கைக்கு அழைத்துச் செல்லும் பேறு கிடைத்துள்ளது. ஊரிலே இருந்திருந்தால் பலர்க்கு இது கிட்டியிராது. அந்தப் பேற்றை ஒரு சால்வைக் குறையினால் இழக்க வேண்டா. இவ்வாண்டு காசி செல்லும் குடும்பங்களுள் சால்வையோ ஸ்வெட்டரோ இல்லாதவர் இருப்பின், இருப்பவர் இரவல் கொடுத்து உதவுவோமாக. ஒரே படியில் ஏறி இறங்கும் நமக்குள் இதில் கூச்சம் வேண்டா. திரும்பி வந்ததும் துவைத்துக் கொடுத்தால் போதும். கங்கைத் தீர்த்தம் ஒரு செம்பு சேர்த்துக் கொடுத்தால் மிகவும் நன்று.

செல்வோர் யாவரும் நலமுடன் சென்று, விசுவநாதரைக் கண்ணாரக் கண்டு, தும்மல் இன்றித் திரும்பி வருக என வாழ்த்தி அமைகின்றோம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!